பின்னால் ஓடும் ஆறு

கழிமுனை,
10 மார்ச் 2024

அன்புள்ள டேவிட் அண்ணனுக்கு,

உங்கள் தங்கை சில்வியா எழுதுவது. போனில் பேசினால் பாதியில் அறுந்துபோகிறது, அதனால்தான் கடிதம். எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகியும் நீங்கள் ஒரு முறைகூட இங்கே வரவில்லை. பரிசல் ஓட்டுகிறவருக்கு லீவே கிடையாதா?

உங்கள் காவிரிதான் இங்கே கொள்ளிடம் என்ற பெயரில் கடலில் சேர்கிறது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் அலையாத்திக் காடு. மரத்தின் வேரெல்லாம் தண்ணீருக்கு மேலே நிற்கும், நடுவில் நீர்நாய்கள் குட்டிகளோடு ஓடும். கடற்கரையில் ஆமை முட்டையிட்டுப் போயிருக்கிறது. பழைய ஊர் இப்போது கடலுக்குள். கடல் வற்றும்போது அந்தக் காலத்து மாதா கோயில் கிணறு மட்டும் தெரியும்.

ஒரு அதிசயம் கேளுங்கள். கடல் ஏறும்போது ஆறு வந்த வழியே பின்னால் ஓடுகிறது! உங்கள் மாப்பிள்ளை பெரியநாயகம் அதில்தான் துடுப்பே போடாமல் படகை வீட்டுக்குக் கொண்டுவருகிறார்.

அன்புத் தங்கை,
சில்வியா

ஒகேனக்கல்,
24 மார்ச் 2024

அன்புத் தங்கை சில்வியாவுக்கு,

ஆறு பின்னால் ஓடுகிறதாம்! மீன் வறுவல் கடை கண்ணம்மாளிடம் சொன்னேன். "ஏனுங்க, உங்க தங்கச்சிக்கு மசக்கையா? தலை சுத்துதாட்டம் இருக்குது" என்று சிரிக்கிறாள்.

இங்கேயும் நீர்நாய் உண்டு. என் வலையைக் கடித்துக் கிழித்ததே அதுதான். அருவியில் யாராவது விழுந்தால் உடலைத் தேடி எடுக்க போலீஸ் இன்னும் என்னைத்தான் கூப்பிடுகிறது. தண்ணீர் போகிற பக்கம் கீழே பார், இன்னும் கீழே பார். என் படிப்பு அவ்வளவுதான். இதுவரை ஒருவரையும் அடக்கம் இல்லாமல் விட்டதில்லை.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

உன் அண்ணன்,
டேவிட்ராஜ்

ஒகேனக்கல்,
19 செப்டம்பர் 2024

அன்புள்ள சில்வியா,

உன்னைத் தனியாக விட்டு பஸ் ஏறியதிலிருந்து சோறு இறங்கவில்லை. முகத்துவாரத்தில் மாப்பிள்ளையின் படகு கவிழ்ந்தது என்று கேட்டதும் ஓடி வந்தேன். எத்தனையோ பேரை எடுத்துக் கொடுத்தவன், என் தங்கை புருஷனை எடுத்துக்கொடுக்க முடியவில்லை. கரையோரம் முழுக்க அலசிவிட்டோம். கடல் கொண்டுபோய்விட்டது, அம்மா. இனி தேடாதே. கோயிலில் பூசை வைத்துவிட்டு ஒகேனக்கல் வந்துவிடு. கண்ணம்மாள் உனக்கு அறை பார்த்துவைத்திருக்கிறாள்.

உன் அண்ணன்,
டேவிட்ராஜ்

கழிமுனை,
6 அக்டோபர் 2024

அண்ணா,

அவர் கிடைத்துவிட்டார். நண்டு பிடிக்கப் போன பெண்கள் பார்த்திருக்கிறார்கள். கடலில் இல்லை. ஆற்றில், ஊருக்கு மேலே, அலையாத்திக் காட்டுக்குள்.

கைலியால் தன்னை ஒரு வேரோடு சேர்த்துக் கட்டியிருந்தார். சட்டையைக் கழற்றி உயரமான கிளையில் அடையாளக் கொடிபோல முடிந்திருந்தார். நண்டு தின்றது போக இருந்ததைத்தான் என்னிடம் காட்டினார்கள். அந்த முடிச்சு நீரில் போன பிணம் போட்டதல்ல, அண்ணா. அங்கே கட்டிக்கொண்டு நமக்காகக் காத்திருந்திருக்கிறார்.

படகு கவிழ்ந்தது கடல் ஏறும் நேரம் என்பதால், நீங்கள் வந்திறங்கிய அன்றைக்கே ஊர்க்காரர்கள் காட்டுக்குள் தேடலாம் என்று படகைத் திருப்பினார்கள். "தண்ணி மேல ஏறாதுங்க, கீழ போங்க" என்று நீங்கள் சொன்னீர்கள். அவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். "எங்கண்ணன் சொல்றதக் கேளுங்க, அவருக்குத் தெரியும்" என்றேன். ஆறு பின்னால் ஓடுவதைத் தினமும் பார்த்தவள் நான். உங்களுக்கு எழுதியதும் நான்தான். ஆனாலும் என் கண்ணை விட்டுவிட்டு உங்கள் பேச்சை நம்பினேன். எல்லாப் படகும் கடலுக்குப் போனது. அவர் எங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தார்.

அடக்கம் முடிந்தது. உங்களுக்குச் சொல்லி அனுப்ப வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். நீங்கள் வேண்டுமென்று செய்யவில்லை, அது எனக்குத் தெரியும். ஆனால் உங்கள் முகத்தைப் பார்த்தால் அந்தச் சட்டைதான் எனக்குத் தெரியும். வர வேண்டாம். எழுதவும் வேண்டாம். அறையை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லுங்கள்.

கடல் ஏறுகிறது. வீட்டுக்குப் பின்னால் ஆறு மேலே போய்க்கொண்டிருக்கிறது.

பெரியநாயகத்தின் மனைவி,
சில்வியா