ஆறு பவுண்டு கரி

பனச்சமூடு,
1955, தை இரண்டாம் ஞாயிறு.

அன்புள்ள மகன் தாணுலிங்கத்துக்கு அம்மா எழுதுவது.

நானும் அப்பாவும் உடம்பளவில் சுகமாக இருக்கிறோம். நீயும் பம்பாயில் வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்குகிறாய் என்று நம்பிக்கொண்டுதான் இதை எழுத உட்கார்ந்தேன். முந்தின கடிதத்தில் இருமல் என்று எழுதியிருந்தாய், அது விட்டதா இல்லையா என்று இந்தத் தடவை ஒரு வரி இல்லை. மில்லில் சாயத் தொட்டியின் ஆவி முகத்தில் அடிக்கிற இடத்தில் நிற்காதே என்றால், ஆய்வுக்கூடம் தனிக் கட்டடம் அம்மா என்பாய், இருந்தாலும் சொல்லி வைக்கிறேன். அப்பாவின் வேலை விஷயம் போட்டது போட்டபடி கிடக்கிறது. நம் தாலுகா தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று நடந்த கூட்டத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார் என்பதுதான் குற்றம், அதற்குச் சர்க்கார் வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். விசாரணைக்கு வா என்று ஆள் விடுவார்கள், சட்டை தேய்த்துப் போட்டுக்கொண்டு போவார், அதிகாரி இல்லை என்று திரும்பி வருவார். வந்ததும் கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டே நிற்பார், அந்தக் காலில் அவ்வளவு அழுக்கு இருக்காது. அம்பூரியில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுத ஆள் தேடுகிறார்களாம், போகட்டுமா என்று கேட்கிறார். போங்கள் என்றும் சொல்ல முடியவில்லை, வேண்டாம் என்றும் சொல்ல முடியவில்லை. ஊரும் அப்படித்தான் இருக்கிறது. ஆகஸ்டில் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்ட பிறகு ரோட்டில் ஜீப் சத்தம் கேட்டாலே பேச்சு தானாக நின்றுவிடுகிறது. மற்ற நேரத்தில் டீக்கடையில் தினம் ஒரு எல்லை போடுகிறார்கள், ஒரு நாள் நெய்யாற்றின்கரை முழுவதும் அந்தப் பக்கம், மறுநாள் நம் வீடு மட்டும் இந்தப் பக்கம்.

பக்கத்து வீட்டு விஜயம்மாவின் மகள் குமாரிக்கு ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. சந்தோஷப்பட வேண்டிய வீடு, ஆனால் அவள் மாப்பிள்ளை சோமனைப் போலீஸ் தேடுவதால் எங்கோ மறைந்து திரிகிறான், குழந்தையை இன்னும் பார்க்கவில்லை. சந்திப்பில் பஸ்மேல் கல் விழுந்த அன்றிலிருந்து ரோட்டோர வீடுகளில் எல்லாரும் ஜன்னலைப் பலகை வைத்து ஆணி அடித்துவிட்டார்கள், அவர்கள் வீட்டிலும் பேறு கழிந்த அறையின் ஒரே ஜன்னல் அப்படித்தான் அடைபட்டது. உள்ளே தாய்க்குச் சூடு வேண்டும் என்று கட்டிலுக்கடியில் தேங்காய்ச் சிரட்டைக்கரி நெருப்புச் சட்டி. கதவும் சாத்தித்தான் இருக்கும். போய்ப் பார்த்தபோதெல்லாம் குமாரிக்குத் தலைவலி, எழுந்தால் கண்ணை இருட்டுகிறது, குழந்தை பால் குடிக்க மறந்து தூங்கிக்கொண்டே இருக்கிறது. கண் பட்டிருக்கிறது என்று மந்திரித்த கயிறு கட்டினார்கள். நானும் அது பெற்ற உடம்பின் அசதி என்றுதான் நினைத்தேன். இதை எதற்கு இவ்வளவு விவரமாக எழுதுகிறேன் என்று பின்னால் தெரியும்.

இனி நம் விஷயம். பங்குனியில் எனக்குப் பள்ளி இறுதிப் பரீட்சை. பதினாலு வயதில் கல்யாணத்துக்காக நிறுத்தின படிப்பை முப்பத்துநாலு வயதில், பள்ளிக்கூடம் போகாமல் வீட்டிலிருந்தே முடிக்கிறேன் என்று துணிந்தது எதற்கு என்பது உனக்குத் தெரியும். தேறினால் ஆசிரியப் பயிற்சிக்கு மனு போடலாம், நாளைக்கு ஒரு வேலை கிடைத்தால் அப்பா அதிகாரி வாயைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டாம். தமிழுக்கும் சரித்திரத்துக்கும் எனக்குப் பயமில்லை, வாசகசாலையில் அலமாரி அலமாரியாகப் படித்தது அதற்காவது உதவட்டும். ரசாயனக் கணக்குதான் இடிக்கிறது. உன் பழைய புத்தகத்தைப் பார்த்து நான் போட்டு அனுப்புவதும் நீ திருத்தி அனுப்புவதுமாக ஓடிக்கொண்டிருக்கிறது, உனக்கும் அப்பாவுக்கும் தவிர யாருக்கும் தெரியாமல் வைத்திருந்தேன். தோற்றாலும் சத்தமில்லாமல் தோற்கலாமே என்றுதான். பொங்கலுக்குத் திருப்புறத்திலிருந்து வந்த கோமளவல்லி அத்தை அரிசிப்பெட்டிமேல் அந்தப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, இது ஆருக்காக்கும் என்று கேட்டாள். கறையான் பிடிக்காமல் வெயில் காட்ட எடுத்தேன் என்றேன். வெயிலு முத்தத்திலல்லியா இருக்கு, அரிசிப்பெட்டிமேலயா இருக்கு என்றாள். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார், அவர் சிரித்துப் பார்த்து வெகுநாளாகிவிட்டது.

நீ திருத்தின தாள்கள் புதன்கிழமை வந்தன. மூன்றாவது கணக்கு நினைவிருக்கிறதா, ஆறு பவுண்டு கரி முழுவதும் எரிந்து தீர எத்தனை பவுண்டு பிராணவாயு வேண்டும் என்பது. நான் எட்டு என்று எழுதியிருந்தேன். நீ அதற்குச் சரி போட்டு, பக்கத்தில் நன்று அம்மா என்றும் எழுதியிருந்தாய். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு இரண்டு நாள் ஓட்டினேன் என்றால் சிரிப்பாய். சோறு வடிக்கும்போதும் மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போதும், பரவாயில்லை, இந்தக் கணக்கு எனக்குப் பிடிபட்டுவிட்டது என்று ஒரு தெம்பு. வெள்ளிக்கிழமை காலை அப்பா சந்திப்புக்குப் போன பிறகு அடுத்த பாடத்தை எடுத்தேன். காற்று போதாத இடத்தில் கரி எரிந்தால் கரியமில வாயுவுக்குப் பதிலாக வேறொரு வாயு உண்டாகும், அதற்கு நிறமில்லை, மணமில்லை, அடைத்த அறையில் ஆளையே கொல்லும் என்று போட்டிருந்தது. அதன் கீழே அளவும் இருந்தது, கரி பன்னிரண்டு பங்குக்குப் பிராணவாயு பதினாறு பங்கு. பன்னிரண்டுக்குப் பதினாறு என்றால் ஆறுக்கு எட்டு. என்னுடைய எட்டு. முழுவதும் எரிவதற்கு ஒரு கரி அணுவோடு இரண்டு பிராணவாயு அணு சேர வேண்டும், அப்போது பன்னிரண்டுக்கு முப்பத்திரண்டு, ஆறுக்குப் பதினாறு. நான் இரண்டில் ஒன்றை விட்டுவிட்டேன். கரி முழுவதும் எரிவதற்கு என்று நினைத்து, அரைகுறையாக எரிந்து நஞ்சாவதற்கான கணக்கைப் போட்டு வைத்திருக்கிறேன். தப்பு எங்கே என்று பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு அடைத்த அறை என்ற சொல் அப்புறம்தான் உறைத்தது. புத்தகத்தை மூடக்கூட இல்லை, விஜயம்மா வீட்டுக்கு ஓடினேன்.

அவள் வாசலிலேயே மறித்துக்கொண்டு, எந்தா கல்யாணி, அடுப்பில தீய விட்டுட்டு ஓடி வாறே என்றாள். அந்த அறை ஜன்னலைத் திறக்க வேண்டும், நெருப்புச் சட்டியை வெளியே எடுக்க வேண்டும் என்றேன். உனக்குப் புழுங்குதுன்னா உன் வீட்டு ஜன்னலத் தொற, பெத்த உடம்பாக்கும் இது, ஈரக்காத்து பட்டா சன்னி வரும், ரோட்டில போறவன் வாறவன் கல்லும் வரும் என்றாள். கரி நெருப்பு கெடுதல் அக்கா என்றேன். புகை எங்க உண்டு, மூக்க வச்சுப் பாரு, ஒரு பொட்டுப் புகை உண்டா என்று என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்க் காட்டினாள். புகை இல்லைதான். இல்லாததுதான் ஆபத்து என்று எப்படிச் சொல்வது. இதெல்லாம் உனக்கு ஆரு சொன்னா, நான் மூணு பெத்தவ, நீ ஒண்ணு பெத்தவ என்றாள். அதற்கு மேல் மறைக்க முடியவில்லை மக்கா. நான் பள்ளி இறுதிப் பரீட்சைக்குப் படிக்கிறேன் அக்கா, புத்தகத்தில் போட்டிருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அவள் வாயில் கைவைத்து நின்றாள், பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். இந்த வயசிலயா, பரீட்ச எழுதிக் கலெக்டராப் போறியா, நீலகண்டன் அண்ணாச்சிக்கு ஆரு சோறு வைப்பா என்று அப்பாவையும் இழுத்து அவள் அடுக்கிக்கொண்டே போகையில் கட்டிலில் கிடந்த குமாரி, தொறக்கட்டும்மா, எனக்கு சுவாசம் முட்டுது, கலெக்டரோ ஆரோ தொறக்கட்டு என்றாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. நான் சட்டியைத் துணியால் பிடித்து முற்றத்தில் கொண்டுபோய் வைத்தேன். பலகையைத்தான் என்னால் அசைக்க முடியவில்லை. அப்போதுதான் சந்திப்பிலிருந்து திரும்பிய அப்பா சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார். ஜன்னலைத் திறக்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று கேட்கவில்லை, வீட்டுக்குப் போய்க் கம்பிப்பாரையை எடுத்து வந்து ஆணியோடு பெயர்த்துப் போட்டார். பலகை விழுந்த சத்தத்தில் குழந்தை முழித்து அழுதது. அந்த அழுகை எனக்கு எப்படி இருந்தது என்று எழுதத் தெரியவில்லை. சாயங்காலம் குமாரி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தாள். கயிறு பலித்துவிட்டது என்கிறாள் விஜயம்மா, பலிக்கட்டும், ஜன்னலை மட்டும் அடைக்காமல் இருந்தால் போதும் என்று நானும் ஆமாம் போட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் தாளைக் காட்டிச் சொன்னேன். அவர் கணக்கில் கெட்டிக்காரர் என்பது உனக்குத் தெரியும், இரண்டு தரம் போட்டுப் பார்த்தார். பிறகு தாளை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, இங்க வா, இதப் பாரு என்றார். நீ போட்ட சரிக்கு அடியில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி இருந்திருக்கிறது, ரப்பரால் அழித்திருக்கிறாய், காகிதம் அந்த இடத்தில் சொரசொரப்பாக இருக்கிறது. பய உனக்கு இரக்கப்பட்டு மார்க்கு போட்டிருக்கான் என்றார். எனக்குக் கோபம் வரவில்லை. என் முந்தின கடிதத்தை நினைத்துப் பார்த்தேன். அப்பா வேலை நின்றது, ராத்திரி எனக்குத் தூக்கம் வராதது, இந்தப் படிப்பும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று தோன்றுவது, எல்லாவற்றையும் கொட்டி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு அதே உறையிலிருந்த தாளில் அம்மாவுக்குத் தப்புப் போட உனக்குக் கை வரவில்லை. எனக்குப் புரிகிறது. ஆனால் நீ அந்தப் பெருக்கல் குறியை அழிக்காமல் விட்டிருந்தால் நான் புதன்கிழமையே உட்கார்ந்து எட்டு ஏன் தப்பு என்று தேடியிருப்பேன். அந்த இரண்டு நாளும் அந்த அறை அடைத்தே கிடந்தது. குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை, அதனால் இதைச் சொல்லி உன்னை வருத்தப்படுத்தக் கூடாது என்று ஒரு மனம், சொல்லாமல் விட்டால் நானும் உன்னைப் போலவே அழிக்கிறேன் என்று ஒரு மனம். சொல்லிவிட்டேன்.

இப்போது எனக்கு இன்னொரு வேலை வந்துவிட்டது. நீ இதுவரை போட்ட சரிகளில் எது சரி, எது பாசம் என்று தெரியவில்லை. கார்த்திகையிலிருந்து வந்த தாள்களை எல்லாம் எடுத்து வைத்து முதலிலிருந்து போட்டுப் பார்க்கிறேன். அலுப்பாகத்தான் இருக்கிறது, சில நேரம் தலையைத் தாளின்மேல் வைத்தபடியே கண் அயர்ந்துவிடுகிறேன். விட்டுவிடவும் முடியாது, ஏனென்றால் இனி ஊருக்கே தெரியும். நேற்று அப்பா டீக்கடைக்குப் போனபோது, அண்ணாச்சி, வீட்டில டீச்சரம்மா வந்தாச்சாமே என்று கேட்டார்களாம். அடுத்த பஸ்ஸில் செய்தி திருப்புறம் போய் அத்தை காதில் விழும். இனி நான் தோற்றால் ஊரறியத் தோற்பேன். பரீட்சைத் தாளைத் திருத்துகிறவருக்கு நான் யாருடைய அம்மா என்று தெரியாது, எங்கள் வீட்டில் என்ன நடக்கிறது என்றும் தெரியாது. நீயும் இரண்டு மாதத்துக்கு அப்படி இரு. என்மேல் பரிவு இருந்தால் அதைக் கடிதத்தில் எழுது, எவ்வளவு வேண்டுமானாலும் எழுது, நான் வைத்து வைத்துப் படிப்பேன். கணக்கில் போடாதே. பென்சில் வேண்டாம், சிவப்பு மையில் போடு.

இருமலுக்குச் சுக்கும் மிளகும் தட்டிப் போட்டுக் கருப்பட்டிக் காப்பி குடி, கருப்பட்டி பார்சலில் வருகிறது. இங்கே கூட்டம், ஊர்வலம் என்று உன் சிநேகிதர்கள் எழுதினால் உடனே லீவு போட்டுப் புறப்படாதே, அப்பா ஒருவர் வேலை நின்று வீட்டில் இருப்பது போதும். சுசீந்திரத்துத் தாணுமாலயன் உன்னை நோய்நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும். அப்பாவின் ஆசீர்வாதமும் இதோடு வருகிறது.

இப்படிக்கு,
உன் அம்மா
கல்யாணசுந்தரி

பி.கு.: ஆறு பவுண்டு கரியைத் திரும்பப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன், புதிதாக ஐந்து கணக்கும் இருக்கின்றன. அதில் நாலாவது எனக்கு வரவில்லை. பார்த்து எழுத யாரையும் கேட்கவில்லை, இடத்தை அப்படியே காலியாக விட்டிருக்கிறேன். நீ அதில் விடையை எழுதிவிடாதே. எந்தப் பக்கத்தைப் படிக்க வேண்டும் என்று மட்டும் எழுதி அனுப்பு.