வாய் திறக்காத அமீபா

ஜனவரி 8
இப்போதுதான் எழுதக் கற்றேன்; நானே எழுதுகிறேன். பர்சாதிலால், வயது அறுபத்தாறு, ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் குழாய் கழுவுகிறவன். ஒரு வரி முடிவதற்குள் தேநீர் ஆறிவிடுகிறது. இருந்தாலும் என் கையெழுத்து எனக்கு அழகாகத்தான் தெரிகிறது.

ஜனவரி 11
அமீபா எப்படித் தின்கிறது என்று ஜோன்மணியிடம் கேட்டேன். ஐந்து வருடமாக அதையே ஆராயும் அசாம் பெண். கெட்ட தண்ணீரோடு குடலுக்குள் போகுமாம். நம் ரத்த அணுவைத் தொட்டதும், தொட்ட இடம் கிண்ணம்போல் குழியும். விளிம்பு எழும்பி மூடும். அணு உள்ளே. குழிவதற்கு ஒரு புரதம் வேண்டும். கால்சியத்தைப் பிடித்துக்கொண்டால்தான் அது வேலை செய்யும். கால்சியம் இல்லாவிட்டால் அமீபா தொடும், விழுங்காது. இதைத்தான் அவள் நிரூபிக்க வேண்டும்.
இவ்வளவும் எழுத மூன்று நாள் ஆயிற்று. பிழை இல்லை, பார்த்துவிட்டேன்.

ஜனவரி 19
ஜோன்மணியின் சோதனை மூன்றாம் முறையும் கெட்டது. கால்சியம் இல்லாத கரைசலிலும் அமீபா வயிறு முட்டத் தின்கிறது. அடுத்த மாதமும் இப்படியே வந்தால் அந்த ஆராய்ச்சியையே கைவிடச் சொல்லிவிட்டாராம் பேராசிரியர் கச்ரு மேடம். ஜோன்மணி மதியம் சாப்பிடவில்லை.

ஜனவரி 20
ஜோன்மணி என் தேநீர்ப் பாத்திரத்தை எட்டிப் பார்த்தாள். என்னைச் சாச்சா, அதாவது சித்தப்பா, என்றுதான் கூப்பிடுவாள். "சாச்சா, உள்ள வெள்ளையா படிஞ்சிருக்கே, அது கால்சியம்தான். டெல்லிக் குழாய்த் தண்ணி பூரா அதுதான்" என்று சிரித்தாள்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.
காவலாளி பூல்சிங் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஆய்வுக்கூடத்து இயந்திரம் காய்ச்சி வடிக்கும் சுத்தத் தண்ணீரில் வாரம் இரண்டு பாட்டில் கொடுப்பேன். இங்கே எல்லோரும் கொடுப்பதுதான். இயந்திரம் சொட்டுச் சொட்டாகத்தான் வடிக்கும். அது சேரும் கேன் குறைந்து தெரியக்கூடாதென்று குழாய்த் தண்ணீரை ஊற்றி நிரப்பி — தண்ணிதானேன்னு — அந்தக் கேன்லதானே அவ கரைசல் கலக்குறா! என்னடா செஞ்சுட்டே பர்சாதி? முப்பது வருஷமா கை சுத்தம்னு பேரெடுத்தவன்!

ஜனவரி 21
சொல்லவில்லை.

ஜனவரி 22
சொல்லிவிட்டேன். மேடம் முன்னாலேயே. வேலை போனால் போகட்டும். ஜோன்மணி குறிப்பேட்டை மூடிவைத்தாள். பிறகு, "மூணு மாசம், சாச்சா. எனக்குத்தான் மூளை இல்லைன்னு நெனச்சிட்டிருந்தேன்" என்றாள்.
மேடம் திட்டவில்லை. கேனைக் கொட்டிக் கவிழ்க்கச் சொன்னார். "திரும்ப நிறையற வரைக்கும் பக்கத்துலயே உக்காருங்க."
உட்கார்ந்தேன்.

ஜனவரி 27
பூல்சிங்குக்கு இல்லையென்றேன். "நாலு எழுத்து வந்ததும் ரெண்டு பாட்டில் தண்ணிக்குக் கணக்குப் பாக்குறியா அண்ணே?" என்றான். ஆமாம் என்றேன். நன்றாக இருந்தது.

பிப்ரவரி 3
முப்பது வருடத்தில் முதல் முறையாக நுண்ணோக்கியில் கண் வைத்தேன். ஒரு தட்டில் கால்சியம் இருந்தது. அமீபா அணுவை அப்படியே விழுங்கியது. அடுத்த தட்டில் நான் காத்திருந்து நிரப்பிய தண்ணீரில் கலந்த கரைசல். அமீபா சிவப்பு அணுவை ஒட்டி நின்றது. தடவியது. குழி விழவில்லை. விலகிப் போய்விட்டது.
யார் ரத்தம் என்று கேட்டேன். ஜோன்மணி பஞ்சு ஒட்டிய விரலைக் காட்டினாள்.

ஏப்ரல் 14
மூன்றாவது மாடி ஆய்வுக்கூடத்திலிருந்து இரண்டு கூடை குழாய்கள் வந்தன. உங்களுக்குத்தான் தனி ஆள் உண்டே என்றேன். கொண்டுவந்த பெண், "தப்பு செஞ்சா தானே வந்து சொல்ற ஆள் கழுவட்டும்னு எங்க சார் சொன்னாரு" என்றாள்.
கழுவினேன்.