ஆலிமடைக் குளத்தில் ஏழாவதாய் நிற்க வேண்டி

"அப்ப, சபையாரை ஏறச் சொன்னது யாருன்னு அந்த ஓலையில இல்லையா? பின்ன அதுல என்னதான் இருக்கு? கொக்கு பறந்துச்சுன்னு எழுதியிருக்கா?"

கடைமடை நிலத்தை உழும் கொற்றியார், தோணிக்காரர் வாயிலாக எனக்குச் சொல்லி அனுப்பிய கேள்வி இது. ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதியிருக்கிறேன். அரச ஓலையில் வாழ்த்தும் பட்டமும் முதலில் வர வேண்டும் என்று அரண்மனை எழுத்தருக்குத் தலைவரான ஓலைநாயகம் தடுத்தார். இதற்கு மறுமொழி எழுதாமல் வாழ்த்து எழுத என் கை வரவில்லை. ஆகவே முறை தவறிக் கேள்வியை முன்னே வைத்தேன். இனி முறைப்படி.

மங்கலம் பெருகுக. மூன்று ஆற்றுக்கும் எழுபது குளத்துக்கும் காவலரும், குறுநீர் நாடு உடையவரும் ஆகிய கோவேள் பெருமான் அரியணை ஏறிய பதினோராம் ஆண்டு, மார்கழித் திங்கள் இருபத்துமூன்றாம் நாள், வாயிலூர் அரண்மனையிலிருந்து, ஆலிமடை ஊரார்க்கும், தலைமடை தொடங்கிக் கடைமடை ஈறாக உழுது உண்ணும் அனைவர்க்கும், குளக்கரையில் அமர்ந்து கேட்கும் உரிமையுடைய ஆடவர்க்கும் பெண்டிர்க்கும், நாடு கண்காணி சாத்தன் பூதி வணங்கி விடுக்கும் ஓலை. உங்கள் குளம் நிறைக. நிறைந்த நீர் கரை தாண்டாதிருக்க. கடைசி வயலின் கடைசி வரப்பும் நனைக.

யாம் என்று எழுதுவதே என் பதவிக்குரிய வழக்கம். அப்படி எழுதினால் நான் செய்தது அரண்மனைத் தூண்களுக்கும் பங்காகிவிடுவதுபோல் இருக்கிறது. எனவே இவ்வோலையில் நான் என்றே எழுதுகிறேன்.

உங்கள் ஊர் வழக்கத்தை உங்களுக்கே சொல்வது மிகை. ஆயினும் இதன் படி ஒன்று அரண்மனையில் வைக்கப்படுமாதலால், அறியாதவர் அறியும்பொருட்டு எழுதுகிறேன். தை அறுவடை முடிந்த மூன்றாம் நாள், ஆலிமடைச் சபையார் அறுவரும் குளத்தில் இறங்கி முழங்கால் அளவு நீரில் நிற்பர். ஊரார் கரையில் உலர்ந்த இடத்தில் அமர்வர். கேட்க விரும்புபவர் கரை மண்ணில் ஒரு கட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து நிற்க வேண்டும். மறுமொழி கிடைத்தபின் அந்த மண்ணைக் கரையிலேயே வைத்துவிட வேண்டும். மற்ற நாளில் சபையார் "பார்க்கலாம்" என்று சொல்லலாம். அன்று அச்சொல் செல்லாது. எந்த நாளில் செய்வோம், செய்பவர் பெயர் என்ன என்ற இரண்டையும் நீரில் நின்றபடியே சொல்ல வேண்டும். கேள்வி எல்லாம் தீர்ந்தபின், கடைமடையைச் சேர்ந்த ஒருவர் "ஏறி வாங்க" என்று அழைப்பார். அவ்வழைப்பு வரும்வரை எவரும் கரையேறலாகாது.

சென்ற தையில் நான் அங்கு வந்தேன். இவ்வழக்கத்தைத் தோணியில் வரும்போதே தோணிக்காரர் எனக்கு விளக்கிவிட்டார். அறியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

கரையில் எனக்குப் பலகை இட்டு, குடை பிடித்தார்கள். பனி இன்னும் விலகவில்லை. அறுவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றதும், அவர்கள் நிழல் நீரில் நடுங்கியதும், தொலைவில் நாரைகள் இறங்கியதும் எனக்குக் கனவுபோல் இருந்தன. இதை மன்னருக்கு எந்தச் சொற்களால் எழுதலாம் என்று என் மனம் அப்போதே வாக்கியம் கட்டத் தொடங்கிவிட்டது. கட்டிக்கொண்டிருந்ததால், மூன்று பேர் கேட்ட கேள்விகளில் ஒன்றும் என் காதில் முழுதாக விழவில்லை. சபைத் தலைவர் பொற்காரியார் இருமினார். அது மட்டும் விழுந்தது. எழுபது வயதுக்காரர் தைக்குளிரில் நிற்கிறாரே என்று இரங்கினேன். இரக்கத்தோடு கூடவே, இரங்கும் அதிகாரி என்று உங்கள் ஊர் என்னைப் பேச வேண்டும் என்ற ஆசையும் எழுந்தது. பலகையிலிருந்து எழுந்து, "போதும், பெரியவர்களே. ஏறி வாருங்கள்" என்றேன்.

அச்சொல்லைச் சொல்லும்போது கரையின் தென்கோடியில் ஒரு பெண் கையில் ஈர மண்ணோடு எழுந்து நின்றதைப் பார்த்தேன். பார்த்தேன் என்பதை மறைக்கமாட்டேன். அவருடைய ஒரு கேள்விக்காக அறுவர் இன்னும் ஒரு நாழிகை நனைய வேண்டுமா என்று எண்ணினேன். சபையார் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டனர். அரசரின் ஆள் அழைத்தபின் நிற்பது அவமதிப்பாகுமோ என்று அஞ்சினார்களோ, ஏற அழைப்பு வந்ததே என்று மகிழ்ந்தார்களோ, ஏறிவிட்டார்கள். கரையில் அமர்ந்திருந்தவர்கள் எழுந்து எனக்கு வழிவிட்டார்கள். அந்தப் பெண் மண்கட்டியைக் கரையில் வைக்கவில்லை. முந்தானையில் முடிந்துகொண்டு போனார். அன்று மாலை நான் மன்னருக்கு எழுதிய ஓலையில் நாரைகள் இருந்தன, பனி இருந்தது, "ஆலிமடையில் கேள்வி எதுவும் எஞ்சவில்லை" என்ற வரியும் இருந்தது.

அந்தப் பெண்தான் கொற்றியார் என்பதையும், அவர் கேட்க வந்தது என்ன என்பதையும் கார்த்திகையில்தான் அறிந்தேன். அவர் தம்பி கண்டன் உங்கள் குளத்து மதகைத் திறப்பவர். நீர் நிறைந்தபின் மூச்சை அடக்கி அடிவரை மூழ்கி, மூடுகல்லைத் தூக்கிவிட்டு மேலே வருபவர். மூடுகல்லுக்கு மேலிருந்த தாங்குகல் சாய்ந்துவிட்டது என்று முந்திய ஆண்டே அவர் அக்காளிடம் சொல்லியிருக்கிறார். கொற்றியார் சபையாரிடம் மூன்று முறை சொன்னார். மூன்று முறையும் "பார்க்கலாம்" என்றனர். கோடையில் குளம் வற்றும்போதுதான் அந்தக் கல்லைத் தொட முடியும் என்பதால், தையில், நீரில் நிற்கும் நாளில், நாளையும் பெயரையும் வாங்கிவிட எண்ணி அவர் மண்ணெடுத்தார். நான் எல்லோரையும் கரையேற்றிவிட்டேன். கோடை வந்தது, குளம் வற்றியது, கல் அப்படியே இருந்தது. ஐப்பசியில் குளம் நிறைந்தது. கார்த்திகை எட்டாம் நாள் முற்பகல் கண்டன் மூழ்கினார். கல் அவர் கையைப் பிடித்துக்கொண்டது. அவருக்கு வயது இருபத்திரண்டு.

மன்னர் விசாரித்தார். கேள்வியே எஞ்சாத ஊரில் இது எப்படி நேர்ந்தது என்று, என் ஓலையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். சபையார் கேள்வி முடியுமுன் ஏறிவிட்டனர் என்று நான் விண்ணப்பித்தேன். அது பொய் அன்று. பொய்யாக இருந்திருந்தால் யாரேனும் அதைப் பிடித்திருப்பார்கள்.

பொற்காரியாரை அவையில் நிறுத்தினார்கள். முடியுமுன் ஏறியது உண்மையா என்று மன்னர் வினவ, உண்மை என்று அவர் ஒப்புக்கொண்டார். எவர் சொல்லி ஏறினீர் என்று மன்னர் வினவவில்லை. நான் நான்கடி தொலைவில் நின்றேன். முதியவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் செருப்பைப் பார்த்தார். அறுவரும் சபையிலிருந்து நீக்கப்பட்டனர். அவர்தம் மக்களும் மக்களின் மக்களும் சபைக்கு வரலாகாது என்று ஆணையாயிற்று. அந்த ஆணையை எழுதியதும் என் கைதான்.

வெளிவாயிலில் அவரை எதிர்கொள்ள நேர்ந்தது. தலை குனிந்து ஒதுங்கினேன். அவரே நின்று பேசினார். "ஐயா, தண்ணி சில்லுன்னு இருந்துச்சு. கொற்றி மண்ணோட நின்னதை நாங்களும்தான் பார்த்தோம். எப்படா கூப்பிடுவாங்கன்னு இருந்தோம், நீங்க கூப்பிட்டீங்க. உங்க மேல மட்டும் போட்டா எனக்குத் தூக்கம் வராது." இவ்வளவே சொல்லித் தடியை ஊன்றிக்கொண்டு தோணித்துறைக்கு நடந்தார். அவர் என்னை வைதிருக்கலாம். வைதிருந்தால், கோபத்தில் பேசுகிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு இன்னும் சில நாள் உண்டு உறங்கியிருப்பேன்.

அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. ஒன்பது நாள் கழித்துத் தோணிக்காரர் வந்து, துணியில் முடிந்த ஒன்றை என் மேசைமேல் வைத்தார். காய்ந்து வெடித்த ஒரு மண்கட்டி. அதில் ஐந்து விரலும் பதிந்திருந்தன. அறுவரை நீக்கிய ஆணையோலை ஊரில் படிக்கப்பட்டபோது கொற்றியார் கேட்ட கேள்வியையும் சொன்னார். முதலில் எழுதினேனே, அது. அதற்குப் பின்னும் கொற்றியார் சொன்னது உண்டு: "ஆறு பேரைத் தள்ளியாச்சு, சரி. இப்ப நான் யாரைக் கேக்கட்டும்? தண்ணியில நிக்க ஆளே இல்ல. கல்லு இன்னும் சாஞ்சுதான் கிடக்கு. அடுத்த தண்ணிக்கு என் சித்தப்பா மகன் இறங்கறேன்னு நிக்கறான். கண்காணி ஐயாவுக்கு இரக்க குணமாமே. அவன்கிட்ட வந்து ஏறச் சொல்லச் சொல்லுங்க."

தோணிக்காரர் இதைச் சொல்லிவிட்டுச் சிறிது சிரித்தார். பிறகு சிரித்ததற்காக வருந்துபவர்போல் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மண்கட்டியை எடுத்துக்கொண்டு மன்னரிடம் போனேன். நடந்ததை நடந்தபடி விண்ணப்பித்தேன். பெருமான் அந்த விரல் தடங்களில் தம் விரல்களை வைத்துப் பார்த்தார். அவர் கைக்கு அவை சிறியவை. ஓர் ஆணையைத் திரும்பப் பெறுவது அரசுக்கு வெட்கம் என்றும், அந்த வெட்கத்தைச் சுமக்கத் தமக்குத் தோள் உண்டு என்றும், என் வெட்கத்தை நானே சுமக்க வேண்டும் என்றும் அருளினார். என்னைத் தண்டிக்குமாறு வேண்டினேன். தண்டனை பெற்றுக்கொண்டு வீட்டுக்குப் போவது எளிது என்று சொல்லி அதை மறுத்துவிட்டார்.

இனி வருவது கோவேள் பெருமானின் ஆணை.

ஆலிமடைச் சபையார் அறுவரை நீக்கிய ஆணையும், அவர்தம் வழியினரைத் தடுத்த ஆணையும் இன்றோடு நீங்கின. அறுவரும் வரும் தையில் மீண்டும் நீரில் நிற்பாராக. அவர்கள் சபையில் தொடர்வதா விலகுவதா என்பதைக் கரையில் இருப்போரே முடிவு செய்வாராக. கல் சீராகும்வரை அந்த மதகில் எவரும் மூழ்கலாகாது. தம் விருப்பத்தால் மூழ்க வருவோரையும் தடுத்து நிறுத்துக. கடைமடை வயல்களுக்கு நீர் இறைக்க அரண்மனைத் தொழுவிலிருந்து பன்னிரண்டு ஜோடி எருதுகளும், எருது பூட்டிக் கவலை ஏற்றம் இறைக்கும் ஆட்களும் இவ்வோலையுடன் புறப்படுகின்றனர். நீர் முதலில் கடைமடைக்கே பாயும். தாங்குகல் தூக்கி நிறுத்தப்படும் நாள், சித்திரை ஐந்து. செய்பவர் பெயர், சாத்தன் பூதி. இனி இந்நாட்டுக் கண்காணி எவரும் எந்த ஊர்க் கரையிலும், கேள்வி நடக்கும்போது வாய் திறக்கலாகாது. பலகையும் குடையும் கொள்ளலாகாது. இது எழுபது குளத்துக்கும் பொது. இவ்வாணை நீர் உள்ளளவும் நிற்க.

இதன்கீழ் அரச முத்திரை இடப்பட்டது.

முத்திரைக்குக் கீழே ஓலையில் நான்கு விரல் இடம் மிஞ்சியிருக்கிறது. அதில் எழுத மன்னரிடம் இசைவு பெற்றேன். இதற்கு முத்திரை இல்லை. மறுத்தால் உங்கள்மேல் குற்றமும் இல்லை.

சென்ற தையில் கரையில் எனக்கு இட்ட பலகை எனக்கு வேண்டாம். வரும் தையில் அறுவருக்குப் பக்கத்தில் ஏழாவதாக ஓர் ஆள் நிற்கும் அளவு நீர் தருவீர்களா? கரையேற என்னை அழைப்பதும் அழைக்காததும் கடைமடையாரின் உரிமை. அதைப் பற்றி நான் ஒன்றும் வேண்டேன். மண்கட்டியை அதே துணியில் முடிந்து தோணிக்காரரிடம் கொடுத்திருக்கிறேன். பத்திரமாகக் கொண்டுவரச் சொன்னேன், ஓரம் சிறிது உதிர்ந்திருக்கும். கொற்றியாரே, அன்று அதைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து நின்று, உங்கள் கேள்வியை என்னிடம் கேட்பீர்களா?