துணைக்கு ஒருவர் அவசியம்

பிப்ரவரி 4

மூக்குக்கண்ணாடிக்கடை மேலாளர் அம்மணிக்கு,

நான் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். என்னை விட்டுத் தூரத்தில்தானே இருக்கிறாய். போனில் பேசினால் ‘ஹலோ’ முடிவதற்குள் நமக்குள் தகராறு வந்துவிடுகிறது. கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது, அதனால் எழுதுகிறேன்.

கண்ணுக்கு லேசர் செய்துகொள்ளப் போகிறேன். உன் தொழிலுக்குச் செய்யும் துரோகம் என்று நினைக்காதே. இனி தாங்காது. பேக்கரி அடுப்பைத் திறந்தால் கண்ணாடியில் ஆவி படிகிறது. துடைத்தால் மாவு அப்புகிறது. போன வாரம் கண்ணாடியின் காதுக் கம்பி ஒன்று உடைந்து காணாமல் போனது. பேக்கரி முழுக்கத் தேடினோம். மறுநாள் எதிர்வீட்டு டீச்சர் வந்து, “உங்க ரொட்டிக்குள்ள இது இருந்துச்சு, நல்லா வெந்திருக்கு” என்று கழுவித் துடைத்துக் கையில் கொடுத்தார்.

ஒன்றுதான் இடிக்கிறது. துணைக்கு ஆள் இல்லாமல் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்ப மாட்டார்களாம். என் அக்காவுக்குச் சொட்டு மருந்தைப் பார்த்தாலே மயக்கம் வரும். அப்புறம் அவளுக்குத் துணையாக நான் போக வேண்டும். உன்னைக் கேட்கவில்லை. தகவலுக்காக எழுதினேன்.

இப்படிக்கு,
இன்னமும் சட்டப்படி உன் கணவன்


பிப்ரவரி 9

ரொட்டிக்கடை முதலாளிக்கு,

தகவல் கிடைத்தது. கேட்காமலே கேட்பது உங்கள் குடும்பக் குணம். உங்கள் அக்கா என் தையல் மெஷினை அப்படித்தான் கொண்டுபோனார்.

லேசர் என்றால் கண்ணாடிக்கடைக்காரி வயிறெரிவாள் என்று நினைத்தீர்களா? அங்கே போகிறவர்களில் பாதிப் பேர் நாற்பது தாண்டியதும் படிக்கிற கண்ணாடிக்கு எங்களிடமே திரும்பி வருகிறார்கள். நீங்கள் தாண்டி நாளாகிறது. தூரம் பளிச்சென்று தெரியும், பக்கத்தில் உள்ளதற்குக் கண்ணாடி தேவைப்படலாம். டாக்டரிடம் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள், அப்புறம் ஏமாந்துவிட்டேன் என்று என்னிடம் பாயக் கூடாது.

விசேஷத்துக்கு மட்டும் அலங்காரமாகப் போடுவீர்களே கான்டாக்ட் லென்ஸ், அதை இன்றைக்கே நிறுத்துங்கள். அது கருவிழியின் வடிவத்தையே மாற்றும், அளவு தப்பாகிவிடும். கருவிழியின் தடிமனையும் அளப்பார்கள். மெல்லியதாக இருந்தால் லேசர் கிடையாது. உங்கள் தோல் எவ்வளவு தடிமன் என்று எனக்குத் தெரியும். கருவிழியைப் பற்றித் தெரியாது.

நான் வருவதாகச் சொல்லவில்லை. தேதியை மட்டும் எழுதுங்கள்.

கண்ணாடிக்கடைக்காரி


பிப்ரவரி 21

அன்புள்ள கண்ணாடிக்கடைக்காரிக்கு,

சோதனை முடிந்தது. கருவிழியும் தடிமன்தானாம், சந்தோஷப்படு. மார்ச் ஆறாம் தேதி லேசர்.

சோதனைக்காகக் கண்பாப்பாவை விரிக்கும் மருந்து விட்டிருந்தார்கள், எல்லாம் மங்கல். திரும்பி வரும்போது துணிக்கடை வாசலில் நின்றவரிடம், “கொஞ்சம் வழி விடுங்க” என்று கேட்டேன். நகரவில்லை. “உங்களத்தாங்க” என்று சத்தம் போட்டேன். உள்ளிருந்து ஒருவர் வந்து பொம்மையைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

இதைச் சிரிப்புக்காக எழுதுகிறேன். உண்மையில் பயமாக இருக்கிறது. விழித்துக்கொண்டே இருக்க வேண்டுமாம். நடுவில் தும்மல் வந்தால்? இமைத்துவிட்டால்? லேசர் தவறி மூளைக்குள் போய்விட்டால்? டாக்டரிடம் கேட்டேன், சிரிக்கிறார். நீ சிரிக்க மாட்டாய் என்று எழுதுகிறேன்.

உன் கணவன்


பிப்ரவரி 26

பயந்தாங்கொள்ளிக்கு,

சிரித்தேன். கடையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

இமைகளைப் பிடித்துக்கொள்ள ஒரு கிளிப் வைப்பார்கள். நீங்களே நினைத்தாலும் இமைக்க முடியாது. மரத்துப்போக மருந்து விடுவார்கள், அதனால் அழுத்துவது மட்டும்தான் தெரியும். அந்த நேரம் பார்வை கொஞ்சம் இருட்டிப் போகும். குருடாகிவிட்டேன் என்று எழுந்து உட்காராதீர்கள். ஒரு வெளிச்சப் புள்ளியைப் பார்க்கச் சொல்வார்கள், அதையே பாருங்கள். கண் லேசாக அசைந்தால் மெஷினும் கூடவே அசையும். ரொம்ப விலகினால் தானாக நின்றுவிடும். தும்மல் வந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். மூளைக்கெல்லாம் போகாது. போனாலும் அங்கே சேதமாவதற்கு எதுவும் இல்லை.

ஆறாம் தேதி காலையில் வருகிறேன். ஆஸ்பத்திரிக்குத்தான் வருகிறேன், வீட்டுக்கு அல்ல. சொட்டு மருந்து விட ஆள் வேண்டுமே என்று ஒரு ராத்திரி தங்குவேன். அதை வைத்து எதுவும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம்.

கண்ணாடிக்கடைக்காரி


மார்ச் 15

என் சண்டைக்காரிக்கு,

எழுத்து பெரிதாக இருப்பதற்குக் கோபிக்காதே. நீ சொன்னதுதான் நடந்தது. தூரத்தில் கொடியில் காயும் சட்டைக்குப் பொத்தான் இல்லாதது தெரிகிறது, கையில் இருக்கும் பேனா மங்கல். ராத்திரியில் தெருவிளக்கைச் சுற்றி வளையம் தெரிகிறது. சில வாரத்தில் போய்விடும் என்கிறார்கள்.

உள்ளே நடந்தது உனக்குத் தெரியாது, சொல்கிறேன். நீ சொன்னபடியே புள்ளியைப் பார்த்தேன். மெஷின் டக்டக்கென்றது. முடி பொசுங்கும் வாசனை வந்தது. என்னை அறியாமல், “டாக்டர், ஏதோ கருகுது, தீயைக் குறைங்க” என்றேன். நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டார். “சார், இது உங்க அடுப்பு இல்ல, பேசாம படுங்க” என்றார் டாக்டர். அதற்குள் முடிந்தே போனது.

அப்புறம் எரிச்சலும் கண்ணீருமாக நான் உன் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தது உனக்கே தெரியும். அதுவரை சண்டையே இல்லை. மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டிவிட்டு வந்ததும் ஒரே ஒரு தட்டு ரொட்டியைப் பார்க்கலாம் என்று பேக்கரிக்குள் நுழைந்தேன் பார், அங்கேதான் மூண்டது.

“மாவுத்தூசி கண்ணுல விழுந்தா என்ன ஆகும்? இதுக்கா நான் பஸ் பிடிச்சு வந்தேன்?” என்று நீ ஆரம்பித்தாய். என் கை மூக்குக்குப் போனது. நீ குரலை உயர்த்தினால் நான் கண்ணாடியைக் கழற்றிவிடுவேன் இல்லையா? எதிரே ஒரு மங்கலான உருவம் கத்தும், எனக்கு நிம்மதியாக இருக்கும். அன்றைக்குக் கழற்ற ஒன்றும் இல்லை. வேறு வழியில்லாமல் உன்னைப் பார்த்தேன். நீ அழுதுகொண்டிருந்தாய்.

உன் குரலில் அழுகையே தெரியாது. மாவு அரைக்கும் மெஷின் மாதிரி இருக்கும். எல்லாச் சண்டையிலும் இப்படித்தான் அழுதாயா? இது எனக்குத் தெரியவே தெரியாது. கேட்பதற்குள் மருந்தை அக்கா கையில் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறிவிட்டாய். அக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டு மருந்து விடுகிறாள். பாதி காதில் விழுகிறது.

பதில் போடு.

உன் கணவன்


மார்ச் 21

அன்புள்ள உங்களுக்கு,

ஆமாம். எல்லாச் சண்டையிலும்தான்.

உள்ளே நடந்ததை எழுதினீர்கள். வெளியே நடந்தது உங்களுக்குத் தெரியாது. காத்திருக்கும் இடத்தில் ஒரு டிவி வைத்திருந்தார்கள். ஏதாவது சமையல் காட்டுவார்கள் என்று உட்கார்ந்தேன். லேசர் அறையிலிருந்து நேரடியாக உங்கள் கண் வந்தது. கதவு அகலத்துக்கு ஒரே ஒரு கண்.

பக்கத்தில் இருந்த அம்மா, “யாரோட கண்ணுங்க?” என்று கேட்டார்.

“எங்க வீட்டுக்காரரோடது” என்றேன். அந்த வார்த்தையைச் சொல்லி ரொம்ப நாளாகியிருந்தது. யாரோ சொன்னது போல எனக்கே கேட்டது.

“பயப்படுறாரு போல” என்றார் அவர்.

பயந்துதான் போயிருந்தீர்கள். ஆனாலும் அசையவே இல்லை. இந்த மனுஷனால் ஒன்றை விடாமல் பார்க்கவும் முடிகிறதே, அந்தப் பார்வை எனக்கு மட்டும் ஏன் கிடைக்கவில்லை என்று தோன்றியது. மறுநாள் மாவுக்கு நடுவில் அதே கண் என்னை நேராகப் பார்த்தபோது நின்று பேசத் தைரியம் வரவில்லை. இத்தனை நாள் பழகின சண்டை வேறு; நான் கத்துவேன், நீங்கள் பார்க்க மாட்டீர்கள். ஓடிவந்துவிட்டேன். கோபமும் இருந்தது, முழுக்கப் பெருமைப்பட்டுக்கொள்ள வேண்டாம்.

இங்கே வேலையை விட மாட்டேன். எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் வாரக் கடைசியில் பஸ் ஓடுகிறது. சனிக்கிழமை சாயங்காலம் பஸ் நிலையத்துக்கு வாருங்கள். கூட்டமாக இருக்கும், நான் உங்களைத் தேட மாட்டேன். நீங்கள்தான் என்னைக் கண்டுபிடிக்க வேண்டும். கண்டதும் கையை உயர்த்துங்கள். நான் உடனே சிரிக்காவிட்டால் கையை இறக்கிவிடாதீர்கள். எனக்குக் கொஞ்சம் நேரமாகும்.

உங்கள்
சண்டைக்காரி