அஞ்சு பிள்ளைக்கு ஒரு பாட்டில்

ஆகஸ்ட் 23, சனி

பத்து மணிக்கே வெயில் மண்டையைப் பிளந்தது. மயிலாப்பூர் குளத்தோரம் கடை. பாசிமணி, ஊக்கு, சீப்பு, சாவிக்கொத்து. ஒரு பெரியவர் குனிந்து, ரகசியமாக, “நரிக்கொம்பு இருக்கா? ராசியாமே?”

“இருந்தா நான் ஏன் சாமி இங்க குந்திக்கினு கீறேன்?”

போய்விட்டார். சீப்பாவது விற்றிருக்கலாம். வாய் சும்மா இருக்காது.

மத்தியானம் கார்ப்பரேஷன் லாரி வந்தது. பிள்ளையார் பந்தல் போட நடைபாதையைச் சுத்தம் செய்கிறார்களாம். நாங்கள் தண்ணீர் பிடிக்கப் போயிருந்த நேரத்தில் எங்கள் மூட்டை இரண்டையும் அள்ளிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். போனவை:
பாய் 2
குண்டான் 1
என் புதுச் சேலை (ஒரு தடவைகூடக் கட்டவில்லை)
தம்பியின் பழங்குடி சர்ட்டிபிகேட் (இப்போதுதான் வந்தது)
கலெக்டரின் ஊசி அட்டை

கலெக்டர் என் தம்பி மகன். ஒன்பது மாதம் முடிந்துவிட்டது. பேர் வைத்தது நான். ஏதாவது ஒரு ஆபீசில் இந்தப் பேருக்காவது எழுந்து நிற்பார்கள் என்று.

சாயங்காலம் கெட்ட செய்தி. திருவான்மியூர் பஸ் ஸ்டாண்டில் தங்கும் நம் ஆட்களில் ஒரு பிள்ளைக்குத் தட்டம்மை. மூச்சு வாங்கி, பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்களாம்.

வியாழன் ராத்திரி எங்களுக்கு வேளாங்கண்ணி ரயில். திருவிழா முடியும்வரை எல்லாப் பிள்ளைகளும் ஒரே குவியலாகத் தூங்கும். கலெக்டருக்கு அம்மை ஊசி இன்னும் போடவில்லை. ரயில் ஏறுமுன் போட்டாக வேண்டும்.

என் மகள் மஞ்சுவுக்கு அப்போது போடவில்லை. போதும், இன்றைக்கு எழுதியது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

லேசான தூறல். வியாபாரம் சுமார். தம்பி பொண்டாட்டி சித்ராவோடு சண்டை, காலை டீயிலிருந்து மத்தியானச் சோறு வரை.

“போன தபா ஊசி போட்டு ரெண்டு நாளு ஜுரம். நான் யாவாரத்த பாப்பேனா, புள்ளைய பாப்பேனா? வேளாங்கண்ணி போயிட்டு வந்து பாத்துக்கலாம் அண்ணி.”

“ஜுரம்னா நான் தூக்கிக்கிறேன்டி. நீ மணி கோரு.”

“நீ தூக்குனா அவனும் உன்ன மாதிரி வாயாடி ஆயிடுவான்.”

“ஆவட்டும். கலெக்டர் பேசாம இருந்தா எப்புடி?”

சிரித்துவிட்டாள். சிரித்தால் சரி என்று அர்த்தம். நாளைக்குப் போகிறோம்.

ஆகஸ்ட் 25, திங்கள்

ஆஸ்பத்திரி. பெரியது இல்லை, சந்துக்குள் இருக்கிறதே, அந்தச் சின்னது. ஸ்டெல்லா சிஸ்டர்தான் ஊசி போடுபவர். சாந்தோம் பக்கத்து ஆள், கழுத்தில் மாதா டாலர்.

“பேரு?”

“கலெக்டர்.”

பேனாவைக் கீழே வைத்தார். “விளையாடறியா?”

“எழுந்து நிக்கச் சொல்லல சிஸ்டர். எழுதிக்கத்தான் சொல்றேன்.”

“அட்டை?”

“லாரில போயிடுச்சி.”

“அட்டை இல்லாம இதுக்கு முன்னாடி எத்தனை தடவை போட்டிருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

சித்ரா என்னைப் பார்த்தாள். நான் கலெக்டரின் சட்டையைத் தூக்கினேன். அரைஞாண் கயிற்றில் ஒரு வெள்ளை மணி, மூன்று நீல மணி. வெள்ளை, பிறந்த அன்று போட்டதற்கு. நீலம், பிறகு வந்த ஒவ்வொரு தடவைக்கும் ஒன்று. அன்றன்றைக்கே நான் கோத்தது. எங்கள் பெண்களில் பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாது, மணி எண்ணத் தெரியாதவள் ஒருத்தி கிடையாது.

சிஸ்டர் விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். தன் பழைய நோட்டைப் புரட்டினார். அதில் இரண்டு தடவைதான் இருந்தது.

“உங்க நோட்டுக்கும் ஒரு கயிறு கட்டித் தரவா?” என்றேன்.

பிறகு வேறு பக்கத்தில் மூன்றாவதும் அகப்பட்டது. சிரிப்பை அடக்கிக்கொண்டார், பார்த்தேன்.

ஆனால் ஊசி போடவில்லை. ஊசி புதன்கிழமை மட்டும்தானாம். இந்தப் புதன் பிள்ளையார் சதுர்த்தி, லீவு. அடுத்த புதன் நாங்கள் வேளாங்கண்ணியில். அங்கிருந்து எந்த ஊர்த் திருவிழாவோ. நான் நாற்காலியை விட்டு எழவில்லை. கடைசியில், “சரி, வியாழக்கிழமை போடறேன். ஆனா அஞ்சு குழந்தையாவது வரணும்” என்றார்.

“எதுக்கு அஞ்சு?”

“அது பொடி மருந்து. பாட்டிலை உடைச்சுத் தண்ணி கலந்தா நாலு மணி நேரம்தான். மிச்சத்தைக் கொட்டணும். ஒரு பிள்ளைக்காக உடைச்சா மேல என்னைக் கேப்பாங்க.”

அஞ்சு. சரி. அஞ்சுதானே. இந்த ஊர் நடைபாதையில் பிள்ளைக்கா பஞ்சம்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

கடை போடவில்லை. பிள்ளை பிடிக்கக் கிளம்பினேன். (ஊரில் எங்களைப் பற்றிச் சொல்லும் பேச்சு இன்றைக்கு ஒரு நாள் உண்மை.)

தி.நகர்: சதுர்த்திக் கூட்டம், மூச்சுவிட இடம் இல்லை. ஜோதியைக் கண்டுபிடிக்கவே ஒரு மணி நேரம். அவள் பிள்ளைக்குப் பத்து மாதம். “வரேன்க்கா, சத்தியமா” என்றாள். சத்தியம் செய்யும்போது கண் ஒரு வாடிக்கையாளர் மேல்.

அடையாறு: சிக்னலில் பொம்மை விற்கும் அக்கா தங்கச்சி. ஆளுக்கு ஒரு பிள்ளை. போன மாதம் போனார்களாம், எந்த ஏரியா, அட்ரஸ் என்ன என்று கேட்டு அனுப்பிவிட்டார்களாம். “சிக்னல்னு சொல்ல வேண்டிதானே” என்றேன். “சொன்னோம்க்கா. எந்தப் பக்கத்து சிக்னல்னு கேட்டாங்க.” இருவரும் வருகிறார்கள்.

கணக்கு: கலெக்டர், ஜோதியின் பிள்ளை, சிக்னல் பிள்ளை 2. ஆக நாலு. ஒன்று குறைகிறது.

கால் வீக்கம். பஸ்ஸில் பக்கத்துப் பெண் மூக்கைப் பொத்தினாள். நானும் பொத்திக்கொண்டேன். அவள் கையை எடுக்கும்வரை நானும் எடுக்கவில்லை. அடையாறு டெப்போவிலிருந்து சத்யா ஸ்டூடியோ ஸ்டாப் வரை.

ஆகஸ்ட் 27, புதன்

சதுர்த்தி. எல்லா முனையிலும் களிமண் பிள்ளையார், எருக்கம்பூ மாலை. பாதி நாள் நல்ல விற்பனை. மீதி நாள் திருவான்மியூர்.

அங்கே தேவி. அவள் மகளுக்குப் பதினொரு மாதம். அம்மை கண்ட பிள்ளை இருந்த இடத்திலிருந்து நாலு அடியில் இவர்கள் படுக்கை. வேப்பிலை கட்டியிருந்தது.

“அம்மா எறங்கின எடத்துல ஊசி கூடாதுக்கா. கோச்சிப்பா.”

“யாரு சொன்னா?”

“எல்லாரும் சொல்றாங்க.”

எப்போதும் போல ஏதாவது கிண்டல் செய்து வழிக்குக் கொண்டுவரலாம் என்று பார்த்தேன். வாய் வரவில்லை. மஞ்சுவைப் பற்றிச் சொன்னேன். இரண்டு வயது. நானும் வேப்பிலை கட்டினேன், தண்ணீர் ஊற்றினேன், யாரையும் உள்ளே விடவில்லை, ஆஸ்பத்திரிக்கும் தூக்கவில்லை. ஒன்பதாம் நாள் மூச்சு நின்றது. அம்மாவுக்குக் கோபம் வரக்கூடாது என்று எல்லாம் சரியாகத்தான் செய்தேன்.

“அப்ப சாமி இல்லன்றியா?”

“கீதுடி. நான் இன்னைக்கும் கும்புடறேன். எம்மேல கோச்சிக்கட்டும், நான் பேசிக்கிறேன். நீ புள்ளைய தூக்கினு வா.”

தேவி மகளைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டாள். கிளம்பும்போது, “எத்தினி மணிக்கு?” என்றாள்.

அஞ்சு ஆச்சு. அஞ்சு ஆச்சு.

ஆகஸ்ட் 28, வியாழன்

விடியலில் மழை, எட்டு மணிக்கு வெறித்தது. அப்போதே ஆஸ்பத்திரியில் போய் உட்கார்ந்தோம். சித்ரா, தேவி, சிக்னல் அக்கா தங்கச்சி. பிள்ளை நாலு. ஜோதி வரவில்லை. போன் போட்டால், நேற்று ராத்திரி ரயிலிலேயே ஏறிவிட்டாளாம், நாகப்பட்டினம் தாண்டியாச்சாம். கூட்டம் சேருமுன் இடம் பிடிக்க வேண்டுமே.

ஸ்டெல்லா சிஸ்டர் எண்ணினார். “அஞ்சு சொன்னேன்.”

“இவுங்க அழுவுற அழுகைக்கு அஞ்சுன்னே எழுதிக்கலாம் சிஸ்டர்.”

சிரிக்கவில்லை. “வெயிட் பண்ணு. யாராவது வந்தா பாக்கலாம்.”

பெருக்க வந்த அம்மா எங்களை வாசலில் உட்காரச் சொன்னது. “வெளியிலதான் டெய்லி குந்திக்கினு கீறோம். இன்னைக்கு உள்ள” என்றேன். பெஞ்சியில் நன்றாகச் சாய்ந்துகொண்டேன். சாய வேண்டும் என்றே இல்லை, இருந்தும் சாய்ந்தேன்.

ஒன்பது. பத்து. தேவியின் மகள் தூங்கிவிட்டாள். சித்ரா, போகலாம் அண்ணி, மூட்டை கட்டணும் என்று நாலு தடவை. நான் நகரவில்லை.

பதினொரு மணிக்கு வாசலில் கார். ஒரு பெண், நல்ல பருத்திச் சுடிதார், கையில் கொழுகொழு என்று ஒரு பிள்ளை. வழக்கமாகப் போடும் பிரைவேட்டில் மருந்து தீர்ந்துவிட்டதாம். “வாங்க மேடம்” என்று சிஸ்டர் எழுந்தார். ஐஸ் பெட்டியைத் திறந்தார். பாட்டிலை எடுத்தார்.

எழுந்து நின்றேன்.

“சிஸ்டர், இப்ப எத்தினி புள்ள கீது?”

அவர் கை நின்றது.

“நாலும் ஒண்ணும் அஞ்சு. நாலாங்கிளாஸ் வரைக்கும் படிச்சிகீறேன், கூட்டல் வரும். ஒடைங்க.”

“என்ன பிராப்ளம்?” என்றாள் அந்தப் பெண்.

“பிராப்ளம் ஒண்ணுமில்ல மேடம். அஞ்சு புள்ள சேந்தாத்தான் பாட்டில ஒடைப்பாங்களாம். எட்டு மணிலேருந்து உங்க புள்ளைக்கிதான் காத்துக்கினு இருந்தோம். வந்ததுக்கு ரொம்ப தேங்க்ஸ். ஆனா லைன்ல நீங்க அஞ்சாவது.”

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். சிஸ்டரைப் பார்த்தாள். பிறகு எங்கள் நாலு பிள்ளைகளையும். முகம் கொஞ்சம் சிவந்தது. “அவங்க முதல்ல வந்திருக்காங்க. அவங்களுக்கே போடுங்க” என்று பெஞ்சியின் ஓரத்தில் உட்கார்ந்தாள். நல்லவள்தான். எங்கள் பக்கம் ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தாள், அதுவும் உண்மை.

முதல் ஊசி கலெக்டருக்கு. வலது கை. அழவில்லை, சிஸ்டரின் மாதா டாலரைப் பிடித்து இழுத்தான். அழுதது சித்ரா. சிக்னல் பிள்ளைகள் ஒன்றைப் பார்த்து ஒன்று அழுதன. தேவியின் மகள் தூக்கத்திலேயே வாங்கிக்கொண்டாள், பிறகு எழுந்து ஊரைக் கூட்டினாள். ஐந்தாவது, கார் பிள்ளை. அதுவும் அதே அழுகை.

அரை மணி நேரம் இருந்துவிட்டுப் போகச் சொன்னார். கார் போன பிறகு புது அட்டை எழுத உட்கார்ந்தார். நான் எதிரே போய் நின்றேன்.

“அந்த மேடம் மட்டும் தனியா வந்திருந்தா ஒடைச்சிருப்பீங்களா, மாட்டீங்களா?”

எழுதிக்கொண்டே இருந்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

“ஒரு குழந்தை வந்தாலும் உடைக்கணும்” என்றார், அட்டையைப் பார்த்தபடி. “அதான் ஆர்டர். வேஸ்ட் ஆனா எழுதிக் குடுக்கணும், அதுக்குப் பயந்துதான்…”

மூன்று நாள். தி.நகர், அடையாறு, திருவான்மியூர். வீங்கின கால். தேவியிடம் மஞ்சுவைப் பற்றிச் சொன்னது. எல்லாம் ஒரே நேரத்தில் வாய்க்கு வந்தது. கத்தியிருப்பேன். கத்தினால், குறத்தி கத்துகிறாள் என்று அதோடு முடித்துவிடுவார்கள்.

“திருவிழா முடிஞ்சி வருவோம் சிஸ்டர். முன்னாடியே ரயில் ஏறிட்ட எங்க ஆளுங்கள்ல இன்னும் ஆறு புள்ளைக்கி பாக்கி கீது. ஒரு நாளைக்கி ஒண்ணாத்தான் தூக்கினு வருவேன்.”

“எந்தக் கிழமை?”

“நீங்க சொல்லாத கிழமை.”