ஸ்கேன் அறையில் தாலி

ஆவணி, வெள்ளிக்கிழமை

இன்று உத்திரமேரூரில் என் மனைவி சரசுவுக்குக் கழுத்தில் ஸ்கேன் எடுத்தார்கள். தாலியைக் கழற்றச் சொன்னதும் அவள், "அதெல்லாம் ஆவாது" என்று சொல்லிவிட்டாள். கடைசியில் தலைமாட்டில் நின்று கயிற்றைக் கழுத்திலிருந்து தூக்கி நானே பிடித்துக்கொண்டேன்.

தைராய்டில் சின்னக் கட்டி இருக்கிறதாம். பெரும்பாலும் ஆபத்தில்லை, எதற்கும் ஊசி குத்திக் கட்டியிலிருந்து கொஞ்சம் எடுத்துச் சோதித்துப் பார்த்துவிடலாம் என்றார் டாக்டரம்மா. 'எதற்கும்' என்றால் என்னவென்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

பஸ்ஸில் சரசு கேட்டாள்: "உன் கை இன்னாத்துக்கு அப்டி நடுங்கிச்சு?"

"ஏசி குளுரு."

"ம்க்கும். தாலி கட்னப்பவும் இப்டிதான் நடுங்கிச்சு. அன்னிக்கு ஏது ஏசி?"

இப்போது நன்றாகத் தூங்குகிறாள். இந்தக் கையெழுத்தைப் பார்த்தாலும் கண்டுபிடித்துவிடுவாள்.