வாங்கில் நாலாவது இடம்

19 மார்ச் 1998, வியாழன்
மதியத்துக்குப் பிறகு என் இத்தாலிய எசமானி சிஞ்ஞோரா வீட்டில் வேலை இல்லை. புத்தகத்தை மூடிவைத்துவிட்டுத் தம்பி சிந்துஜனின் கடிதத்தை மறுபடி வாசித்தேன். மெல்பேணில் அவன் ஆடுவது நாம் அறிந்த உதைபந்தாட்டம் அல்ல. பந்து முட்டை வடிவம், பக்கத்துக்குப் பதினெட்டுப் பேர். இந்த வருடம் மாற்று ஆட்டக்காரர் இருக்கும் வாங்கில் மூன்று பேருக்குப் பதிலாக நாலு பேராம்.
"மூண்டு பேரெண்டால் முழு ஆட்டமும் தாங்கிறவனைத்தான் கோச் எடுப்பார். நாலாவதா என்னை எடுக்கலாம். இல்லாட்டி உயரப் பந்து பிடிக்க இன்னொரு நெட்டையனை."
இடது முழங்காலில் ஷெல் துண்டு இன்னும் இருக்கிறது. பத்து நிமிடம் அவனை யாரும் பிடிக்க முடியாது, பிறகு நொண்டுவான். இரண்டு வருடமாகப் பயிற்சிக்குப் போகிறான். ஒரு முறையும் அணியில் பெயர் வரவில்லை.

2 ஏப்ரல்
போர்கோ வெக்கியோ தெருமூலைக் கூண்டிலிருந்து தொலைபேசியில் அழைத்தேன்.
"அக்கா, பேர் வந்திட்டுது! வாங்கில நாலாவது ஆள்!"
அவன் சிரித்துக்கொண்டிருக்கும்போதே தொலைபேசி கார்ட் முடிந்துவிட்டது. சின்ன வயதிலும் வலித்தால் சிரிப்பான்.
நாங்கள் சில தமிழர் அறை எடுத்திருக்கும் வீட்டில் அல்பேட் அண்ணைதான் பந்தாட்டப் பைத்தியம். "வாங்கிலயோ? அப்ப பெடியன் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு மற்றவை விளையாடுறதைப் பாக்க வேண்டியதுதான்."

5 ஏப்ரல்
மூன்று பக்கம் எழுதினேன். 'வெளியில் இருப்பது வெட்கமில்லை. உன் முழங்கால் உன் குற்றமில்லை.' நாளை பொலிதேயாமா சதுக்கப் பக்கம் போகும்போது தபாலில் போட வேண்டும்.

3 மே
பதில் இல்லை.

14 மே
இன்று தொலைபேசியை எடுத்தான்.
"ஆர் அக்கா செத்தது? செத்தவீட்டுக் கடிதமெல்லோ எழுதியிருக்கிறியள்."
எனக்கு விளங்கவில்லை.
"இஞ்சை வாங்கில இருக்கிறவன் வெளியிலயில்லை. களைச்சவன் வருவான், நான் போவன். நான் வந்தால் அவன் போவான். முதல் ஆட்டத்தில ஆறு தரம் உள்ளுக்குப் போனனான். பத்து நிமிசம் ஓடுறதுக்குத்தான் என்னை எடுத்தவை." பிறகு மெல்ல, "நீங்களும் என்னை நொண்டியெண்டுதான் நினைச்சியள்."
இந்த ஊர் ஆட்டத்தில் வெளியே வந்தவன் திரும்ப உள்ளே போவதில்லை. அதை வைத்து அவனை அளந்துவிட்டேன் — ஏன் கேக்கேல்லை? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. இத்தனை புத்தகம் வாசிச்சு என்ன?

17 மே
அல்பேட் அண்ணைக்கு விளங்கப்படுத்தினேன். "அப்ப ஆரார் உள்ளுக்கெண்டு எண்ணவே ஒரு ஆள் வேணும்" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

3 செப்டம்பர், வியாழன்
மொண்டெல்லோ கடற்கரை வீட்டில் கோடை வேலை முடிந்து திரும்பியாயிற்று. சிந்துஜனை அழைத்தேன். சனிக்கிழமை அவர்களுக்கு அரையிறுதி. பெரிய நெட்டையனுக்குக் கணுக்காலில் நோவாம். அவனுக்குத் துணையாக இன்னொரு நெட்டையனை நாலாவது இடத்தில் போட்டுவிட்டார்கள்.
"என்னை விட்டிட்டினம், அக்கா."
வாய் வரை வந்த ஆறுதலை விழுங்கினேன். முழங்காலைப் பற்றியும் கேட்கவில்லை.
"அவன்ரை கால் நோ எப்ப மாறுமாம்?"
வாய்க்குள் நாள் எண்ணுவது கேட்டது.
"ரெண்டு கிழமையில."
"இறுதியாட்டம் எப்ப?"
"வெண்டால் அதுவும் ரெண்டு கிழமையிலதான்." அவன் குரல் மாறியிருந்தது. "கால் நோ மாறினால் ரெண்டாவது நெட்டையன் தேவையில்லை, அக்கா. கேளுங்கோ, இறுதியாட்டம் நடக்கிற மைதானம் பெரிசு, கோச்சுக்கு ஓடுற ஆள்தான்…"
கார்ட் முடியும் வரை அவனே கதைத்தான்.